படகில் கிடந்த அருவாள்

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அவருடைய படகை அவர் தம்பி செல்வம் கேட்டான். ஓட்டிப் பார்க்கட்டும் என்று இன்று நோணாங்குப்பம் படகுத்துறையில் நானும் ஏறி உட்கார்ந்தேன். அவர் எத்தனையோ முறை கூப்பிட்டார். ஒரு தடவைகூட ஏறியதில்லை.

ஆறு முழுக்க ஆகாயத்தாமரை. கொஞ்ச தூரத்திலேயே இன்ஜின் நின்றுவிட்டது.

"தண்ணிக்குள்ள ஓடுற ஃபேன்ல வேர் சுத்திக்கிச்சு அண்ணி. பலகைக்கு அடியில அண்ணன் கம்பு கெடக்கும், எடு."

எடுத்தேன். மூங்கில் கம்பு. நுனியில் இறுக்கிக் கட்டிய அருவாள். பிடியில் நான் சுற்றிய பச்சைத் துணி.

"இதாலதான் அண்ணன் படகு முன்னால நின்னு அறுத்து அறுத்து வழி பண்ணும்" என்றான் செல்வம்.

அது என் அருவாள். வீடெல்லாம் தேடியபோது "எனக்கு என்னாத் தெரியும்" என்று சொன்ன மனுஷன்! நானோ எதிர்வீட்டு மல்லிகாவைத் தெருவில் நிறுத்தி, "நீதாண்டி எடுத்த" என்றேன். இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவர் சாவுக்கு வந்தவள் வாசலிலேயே நின்று அழுதுவிட்டுப் போனாள்.

திட்டுவதற்கு அவரும் இல்லை. படகைச் செல்வத்துக்குக் கொடுத்துவிட்டு, அருவாளை மட்டும் அவிழ்த்து எடுத்துவந்தேன்.

மல்லிகாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால் அருவாளும் கையுமாகப் போய்க் கதவைத் தட்டினால் தெரு என்ன நினைக்கும்? நீங்களே சொல்லுங்கள்.