லாரிக்கு வைத்த பொய்ப்பெயர்

ஓடுகிற வண்டிகள் வானலையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை வேறு யாரும் ஒட்டுக்கேட்காமல் காப்பதுதான் என் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்றால் என்னவென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கித் தோற்றுப்போன சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது.

பெட்டி மாட்டியது

பெரம்பலூர் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த காலம். நிஜ வண்டிகளின் பயணத் தடம் வேண்டும், யார் தருவார்கள்? எங்கள் ஆய்வக உதவியாளர் மல்லிகா அக்காதான் தன் கணவர் கலியபெருமாளைப் பிடித்துக் கொடுத்தார். ஆலத்தியூரிலிருந்து சிதம்பரத்துக்கு சிமெண்டு லாரி ஓட்டுபவர். அவர் சொல்லி மேலும் ஏழு டிரைவர்கள் சேர்ந்தார்கள்.

அரியலூரில் ஒரு டீக்கடை ஓரம், இருக்கும் இடத்தைக் குறித்து அனுப்பும் பெட்டியை மாட்டப் போனபோது கலியபெருமாள் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன் வண்டி எங்கெங்கே நின்றது என்று யாருக்கும் தெரிந்துவிடாதே என்று கேட்டார். தெரியவே தெரியாது என்று அடித்துச் சொன்னேன்.

"அப்ப மாட்டுங்க சார். உங்கள நம்பித்தான்."

பெயர் மாற்றியது

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு லாரிக்கும் புதுப் பொய்ப்பெயர். எந்தப் பெயர் எந்த லாரி என்று ஒட்டுக்கேட்பவன் குழம்பிப்போவான், அவ்வளவுதான் என் வித்தை. எத்தனை சந்தோஷமான நாட்கள் அவை! திரையில் நகரும் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டை மறந்திருக்கிறேன். என் நெறியாளர் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"லாரிக்கே இத்தன பேரு வச்சுட்டீங்க, ஆய்வேட்டுக்கு இன்னும் ஒரு தலைப்பு வைக்கலையே!"

ஒத்திகை

கருத்தரங்குக்கு முதல் நாள் வரைபடத்தைத் திரையில் போட்டுப் பார்த்தேன். பெயர் இல்லை, வண்டி எண் இல்லை, வெறும் கோடுகள். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த மல்லிகா அக்கா நின்றுவிட்டார். ஒரு கோடு மட்டும் ஒவ்வொரு நடையிலும் சாப்பாட்டு நேரத்தில் மீன்சுருட்டியில் நாற்பது நிமிடம் நின்றது.

"இது எங்க வூட்டுக்காரரு வண்டிதானே சார்? அங்க அவரு தங்கச்சி வூடு. இனிமே அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னு என் தலையில கை வச்சுல்ல சத்தியம் பண்ணாரு!"

பெட்டி கழற்றியது

மறுநாள் கருத்தரங்கு முடிந்ததுமே அண்ணனிடம் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. அண்ணன் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது. திருப்புளியை வாங்கி அவரே பெட்டியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"வண்டி பேர மாத்துனீங்க, சரி. என் தங்கச்சி வூட்ட எங்க சார் மாத்துவீங்க?"

இன்றும் அந்தப் பக்கம் போனால், மீன்சுருட்டி வந்ததும் என் கண்கள் அந்த லாரியைத் தேடும். அந்தக் கேள்வியையே ஐந்தாம் அத்தியாயமாக எழுதியதில் எனக்கு முனைவர் பட்டம் வந்தது, கலியபெருமாள் அண்ணனுக்குத் தங்கச்சி கைச்சோறு போனது.