ஹோல்டான் அக்கா

வாயில் இரண்டு குண்டூசி, கழுத்தில் அளவு நாடா, காலில் ஒற்றைச் செருப்பு. இன்னொன்றைத் தையல் மெஷினுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. இந்தக் கோலத்தில் அக்கா கடையை விட்டுப் பாய்ந்து, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கம் நிற்கும் சுற்றுலா பஸ்ஸின் வயிற்றில் ஓங்கி ஒரு தட்டு தட்டுகிறார். பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்த ஒரு ஜோடிக் கால் சட்டென்று நிற்கிறது. அடுத்த நொடி ஒரு மோட்டார் சைக்கிள் சர்ரென்று பறக்கிறது. அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி தட்டுகிறார். இந்த முறை இரண்டு தட்டு. இடுக்கிலிருந்து மருந்துக்கடைக்காரர் ஒன்றுமே நடக்காதவர்போல் வெளியே வருகிறார்.

“நில்லுன்னா நிக்கணும், வான்னா வரணும். இது என்ன பெரிய வித்தையா?” என்று அக்கா குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து திட்டுகிறார். பாதிதான் புரிகிறது. “சரிக்கா” என்கிறார் மருந்துக்கடைக்காரர். அவர் அக்காவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் அந்தத் தெருவில் எல்லோருக்கும் இவர் அக்காதான். முழுப் பட்டம் ஹோல்டான் அக்கா. பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது.

தெருக்கோடியில் ஒரு பழைய மணிக்கூண்டு இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆட்களை இறக்கிவிட்ட பஸ்கள் தெருவின் ஒரு பக்கம் முழுக்க, ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்துகொண்டு நிற்கின்றன. நடைபாதையில் இருப்பவருக்குத் தெரு தெரியாது. தெருவில் வருபவருக்கு நடைபாதை தெரியாது. இரண்டு பஸ்களுக்கு நடுவிலிருக்கும் இடுக்கு வழியாகத் தெருவில் காலை வைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவதுபோலத்தான். ஆனாலும் எல்லோரும் இறங்கினார்கள். தெருமுனை சிக்னல் வரை நடக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

அக்கா மனு கொடுத்துப் பார்த்தார். அதிகாரிகள் வந்தார்கள், நாடா பிடித்து அளந்தார்கள். “இப்படித் தொளதொளன்னு புடிச்சா அளவு எப்படிங்க சரியா வரும்?” என்று அக்கா குறுக்கே புகுந்து நாடாவின் ஒரு நுனியைத் தானே பிடித்துக்கொண்டார். கடைசியில் நடைபாதையோரம் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு விழுந்தது. அதைப் பற்றிக் கேட்டால் அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது. “முன்னாடி கோணல்மாணலா நிப்பாட்டிட்டிருந்தாங்க. இப்போ கோடு இருக்குல்ல, நூல் புடிச்ச மாதிரி நேரா நிப்பாட்டறாங்க. முன்னேற்றம்தானே?”

தபால்காரர் அடிபட்ட பிறகுதான் இந்தத் தட்டும் வேலை தொடங்கியது. அவர் அந்த இடுக்கிலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு வேன் மோதியது. தபால் எல்லாம் தெருவெங்கும் பறந்தது, கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. மெஷினில் இருந்த துணியைச் சர்ரென்று கிழித்து எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் கட்டுப் போட்டவர் அக்கா. அது மருந்துக்கடைக்காரர் தைக்கக் கொடுத்திருந்த புதுச் சட்டைத் துணி என்பது பிறகுதான் தெரிந்தது. “ஒரு கை போச்சு, அரைக்கை சட்டையா தச்சுக் குடுத்துடறேன்” என்றார் அவரிடம். சொன்னபடியே தைத்தும் கொடுத்தார்.

மறுநாள் சுவரைப் பார்த்திருந்த மெஷினைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். தட்டும் மொழியைப் பஸ் கிளீனர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். வெளியிலிருந்து கிளீனர் பஸ்ஸை ஒருமுறை தட்டினால் ஹோல்டான், நில். இரண்டுமுறை தட்டினால் ரைட், போகலாம். பஸ்ஸுக்குப் புரிகிறது, மனிதனுக்குப் புரியாதா என்பது அக்காவின் கட்சி. புரிந்தது. தெருவே ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது.

யார் வருகிறார்கள் என்பதை அக்கா பஸ்ஸுக்கு அடியில் தெரியும் கால்களை வைத்துக் கண்டுபிடிக்கிறார். அந்தத் தெருக் கால்சட்டைகளில் பாதிக்கு ஓரம் அவர் மடித்துத் தைத்ததுதான். “அது டைப்பிஸ்ட் பொண்ணு. மூணு தடவை நீளம் கொறைச்சாச்சு, இன்னும் தரையைக் கூட்டிட்டுத்தான் போகுது.” நீலக் கால்சட்டையில் பழுப்பு நூல் தெரிந்தால் அது அவருடைய வீட்டுக்காரர். அன்றைக்கு நீல நூல் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரருக்குத்தானே, போதும் என்று பழுப்பு நூலையே ஓட்டிவிட்டார்.

அந்தப் பழுப்பு நூல் தெரியும்போது மட்டும் அக்கா ஒற்றைச் செருப்பைக்கூட மாட்டுவதில்லை.

வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர். கடை நேர் எதிரே. முன்பெல்லாம் இங்கே ஊசியும் அங்கே பூதக்கண்ணாடியுமாக இருவரும் நாள் முழுக்கச் சைகையிலேயே சண்டை போட்டுச் சைகையிலேயே சமாதானமாவார்கள். பஸ்கள் வந்து நடுவில் சுவர் எழுப்பிவிட்டன. அவருக்குக் காது மந்தம். காதுக்கருவி வாங்கிக் கொடுத்தால் அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். “அதை மாட்டினா கடையில இருக்கற அத்தனை கடிகாரமும் மண்டைக்குள்ள ஓடுதும்மா” என்பது அவர் வாதம். ஊரார் கடிகாரங்களையெல்லாம் ஓடவைப்பவர் ஒருநாளும் நேரத்துக்குச் சாப்பிட வந்ததில்லை. ஆனால் வருவார். மதியச் சாப்பாடு அக்காவின் கடையில்தான். அதற்கு அந்த இடுக்கைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஹாரன் அடித்தாலும் கேட்காது, கத்தினாலும் கேட்காது. தபால்காரருக்கு நல்ல காது, அவருக்கே அந்தக் கதி. இதை நினைத்துத்தான் அக்கா செருப்பை மறந்து ஓடுவார்.

செவிடன் காதில் சங்கு ஊதினால் கேட்காது, தகரத்தைத் தட்டினால் கேட்கும் என்று கண்டுபிடித்தவர் அக்கா. கடிகாரக்காரர் இடுக்கில் வந்து நின்று, முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அக்கா வெளியிலிருந்து தட்டினால் அதிர்வு கைக்குள் இறங்கும். ஒன்று என்றால் நிற்பார். இரண்டு என்றால் கையை எடுத்துவிட்டு விறுவிறுவென்று வருவார். அதில்தான் அக்காவுக்குக் கோபம். “ஏங்க, தட்டினா உடனே வந்துடறதா? ஒரு தடவை எட்டிப் பாத்துட்டு வந்தா கொறைஞ்சா போயிடும்?” அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “நீதான் பாத்துட்டியே” என்பார்.

ஒரு மதியம் இப்படித்தான் அவர் உள்ளங்கையை வைத்து நின்றார். தெரு காலியானதும் அக்கா இரண்டு தட்டு தட்டினார். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டபடி டிரைவர் ஸ்டீயரிங்கில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு தட்டு கேட்டால் ஒரு டிரைவருக்கு மூளை தேவையில்லை. கால் தானாக வேலை செய்யும். பஸ் கிளம்பிவிட்டது. உள்ளே ஒரு குஞ்சுகூட இல்லை.

அப்போதுதான் மணிக்கூண்டைப் பார்த்துவிட்டு, கையில் மஞ்சள் கொடியோடு கைடும் அவர் பின்னால் பயணிகளும் வந்துகொண்டிருந்தார்கள். தங்கள் பஸ் தங்களைக் கடந்து கம்பீரமாகப் போவதைக் கண்டார்கள். “ஹோல்டான்! ஹோல்டான்!” என்று கைடு கொடியோடு ஓடினார். இதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளதுதான் என்று நினைத்த பயணிகள் உற்சாகமாகக் கூடவே ஓடினார்கள். டிரைவர் பழக்கத்தில், “எல்லாரும் ஏறியாச்சா?” என்று குரல் கொடுத்து, பதில் வராமல் கண்ணாடியில் பார்த்து, காலி இருக்கைகளைக் கண்டு நடுத்தெருவில் பிரேக் போட்டார். தெரு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கடிகாரக்காரர் மட்டும் பஸ் இருந்த இடத்தில், வெறும் காற்றில் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தார்.

“பஸ் எங்கம்மா?”

அக்காவும் சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. முன்னால் நின்ற பஸ்ஸைத் தட்டியதால் அது விலகிப் போனது. கை தவறிப் பின்னால் நின்ற பஸ்ஸைத் தட்டியிருந்தால்? அது நேராக இவர் மேல்தானே ஏறியிருக்கும். “நெனைச்சுப் பாருங்க, பின்னாடி பஸ்ஸா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்!” என்று கேட்டார்.

“உப்பு சரியாத்தான் இருக்கு” என்றார் கடிகாரக்காரர்.

அன்றிலிருந்து தட்டுவதற்கு முன் ஒரு சடங்கு சேர்ந்துகொண்டது. அக்கா முதலில் டிரைவர் ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, “தம்பி, நான் தட்டறது உனக்கில்ல, என் வீட்டுக்காரருக்கு. நீ தூங்கு” என்று சொல்லிவிட்டுத்தான் தட்டுவார். பின்னால் நிற்கும் பஸ்ஸின் டிரைவரிடமும் தனியாக ஒரு முறை சொல்வார். சில டிரைவர்கள் தூக்கத்திலேயே தலையாட்டப் பழகிவிட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. அக்கா தட்டுவதைப் பார்த்துப் பார்த்து, இந்த ஊரில் பஸ் ஏறுமுன் அதைத் தட்டிக் கும்பிடுவார்கள் போலும் என்று பயணிகள் முடிவு கட்டிவிட்டார்கள். ஒவ்வொருவராகப் பயபக்தியோடு பஸ்ஸைத் தட்டிவிட்டு ஏறத் தொடங்கினார்கள். டிரைவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கைடு வந்து அக்காவிடம் கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க பஸ்ஸை வேற எடத்துல நிப்பாட்டுங்க, நான் ஏன் தட்டப்போறேன்?” என்றார் அக்கா. கைடு மேலதிகாரிகளைக் கேட்டுச் சொல்வதாகப் போனார். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் ஒருநாள் மதியம் பழுப்பு நூலைக் காணவில்லை. வழக்கமான தாமதம்தான் என்று அக்கா இரண்டு பொத்தான் தைத்தார். பிறகு போய், டிரைவர்களிடம் சொல்லிவிட்டு, தட்டினார். யாரும் வரவில்லை. குனிந்து பார்த்தார், கால்களும் இல்லை. மறுபடி தட்டினார். அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் ஒரு பிரேக் கிறீச்சிட்டது, யாரோ கத்தினார்கள். இடுக்குக்குள் புகுந்து எதிர்க்கடைக்கு ஓடினார். கடை திறந்திருந்தது. மேஜையில் பூதக்கண்ணாடி கிடந்தது. சுவரில் அத்தனை கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மட்டும் இல்லை.

கிறீச்சிட்ட இடத்துக்குப் போக வேண்டும். அது தெருவுக்கு அந்தப் பக்கம். அக்கா திரும்பி இடுக்குக்கு வந்தார், வந்த வேகத்தில் நின்றுவிட்டார். ஊரையெல்லாம் இந்த இடத்திலிருந்து கரையேற்றியவர், பஸ்கள் வந்தபிறகு ஒருநாளும் இங்கிருந்து கடந்ததில்லை. ஒன்றுமே தெரியவில்லை. இடப்பக்கமும் தகரம், வலப்பக்கமும் தகரம், நடுவில் ஒரு கோடு வெளிச்சம். வண்டிகளின் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. தினமும் அவர் இங்கேயா நிற்கிறார் என்று நினைத்தபோது அக்காவுக்கு அழுகை முட்டியது. கை தானாக எழுந்து முன்பஸ்ஸின் தகரத்தில் பதிந்தது.

டம்.

ஒரே ஒரு தட்டு. உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறியது. அக்கா சிலையாக நின்றார். ஒரு லாரி பஸ்ஸையே உலுக்கிக்கொண்டு கடந்து போனது. அக்கா மெல்லக் குனிந்து பஸ்ஸுக்கு அடியில் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு நீலக் கால்சட்டை, ஓரத்தில் பழுப்பு நூல்.

இடுக்கில் நுழையாத பழுது பார்த்த பெரிய சுவர்க்கடிகாரம் ஒன்றை அக்கா பக்கத்திலிருக்கும் சலவைக்கடைக்காரரிடம் கொடுப்பதற்காக மனிதர் அன்று சிக்னல் வழியாகச் சுற்றிப் போயிருக்கிறார். அப்படியே தையல் கடைக்குச் சாப்பிட வந்தால் கடை காலி. எதிரே இடுக்குக்குள் மறையும் அளவு நாடாவின் நுனிதான் கண்ணில் பட்டிருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்த கதை. பிரேக் போட்டது ஒரு நாய்க்காக என்பதும் பிறகு தெரிந்ததுதான். அப்போது அக்காவுக்குக் கேட்டது, காது மந்தமானவர்கள் தங்களை அறியாமல் பேசும் அந்த உரத்த குரல்தான்.

“தம்பி! இது உனக்கில்லப்பா! என் வீட்டுக்காரிக்கு! நீ தூங்கு!”

பிறகு டம், டம்.

அக்கா தகரத்திலிருந்து கையை எடுத்தார். கழுத்து நாடாவை இழுத்துச் சரிசெய்துகொண்டார். எட்டிப் பார்க்காமலே காலை எடுத்துத் தெருவில் வைத்தார்.