ஒண்ணும் போகாது என்றவர்

இப்போது அவரிடம் உங்கள் போனைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள். "மெமரி ஃபுல்னு காட்டுதுண்ணே, கொஞ்சம் கிளீன் பண்ணிக் கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். உடனே செய்துவிட மாட்டார். நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியை மூக்குக்கு இறக்குவார். போனில் உள்ள படங்களையெல்லாம் உங்களையே திறந்து பார்க்கச் சொல்வார். "எல்லாம் திறக்குதா? எதுவும் சாம்பலா வருதா? வீட்டுல தவறிப்போனவங்க படம் ஏதாவது இதுல இருக்கா?" என்று கேட்பார். போன் சுத்தம் பண்ண வந்தவனிடம் இழவு விசாரிக்கிறாரே இந்த மனுஷன் என்று யாருக்கும் எரிச்சல் வரும். போனைப் பிடுங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர் தடுப்பதில்லை.

மூன்று வருஷம் முன்புவரை அவர் இப்படி இருந்ததே இல்லை. தெருவில் அவருக்குப் பெயர் 'ஒண்ணும்போகாது அண்ணன்'. நாளாவட்டத்தில் அது தேய்ந்து 'போகாதண்ணன்' ஆகிவிட்டது. போன் ரிப்பேருக்கு வந்தவர்கள் பயந்துகொண்டே, "படமெல்லாம் போயிடுமாண்ணே?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் போகாது" என்று அவர் சொல்வார். அந்த வார்த்தையை அவர் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பார். வைத்தியர் நாடி பிடிப்பதற்கு முன்பே 'சரியாயிடும்' என்று சொல்வாரே, அப்படி.

கடை என்று சொல்வதே பெரிய வார்த்தை. மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே, மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம். ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, சூடான காற்று ஊதும் ஒரு குழல், கடுகை விடச் சிறிய திருகாணிகளுக்கு ஒரு தட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று. அங்கே உட்கார்ந்துகொண்டு தெருவுக்கே அவர் பாடம் எடுப்பார்.

"கேச்னா என்ன தெரியுமா? மளிகைக்கடைக்காரர் தெனமும் வாங்குறவங்களுக்காகப் பருப்பைக் கால் கிலோ கால் கிலோவா முன்னாடியே பொட்டலம் கட்டி வெச்சிருப்பாருல்ல, அது மாதிரி. ஒவ்வொரு தடவையும் உள்ள போய் மூட்டையைப் பிரிக்க வேணாம். உங்க போனும் அப்படித்தான், ஒரு தடவை பார்த்த படத்தைக் குட்டியா ஒரு நகல் எடுத்துப் பக்கத்துல வெச்சுக்கும். நாளாக நாளாகப் பொட்டலமே கடையை அடைச்சுக்கும். அதைக் கலைச்சா ஒண்ணும் போகாது. மூட்டை உள்ளதான் இருக்கு, திரும்பக் கட்டிக்கும். ஆனா பக்கத்துல இன்னொரு பட்டன் இருக்கு பாருங்க, டேட்டான்னு. அதைத் தொட்டீங்க, மூட்டையே காலி!"

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பாடம் சரியான பாடம்தான். கடைக் கண்ணாடியிலேயே மார்க்கர் பேனாவால் 'வாரம் ஒருமுறை கேச் அழிக்கவும்' என்று எழுதி வைத்திருந்தார். தெருவும் கேட்டது. மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கிறாரோ இல்லையோ, போனைத் துடைத்து வைத்துவிடுவார். கேட்காத ஒரே ஆள், போகாதண்ணனுடைய மனைவி. ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவன் பேச்சு எந்த வீட்டில் எடுபட்டிருக்கிறது?

சலவைக்கூடத்து அக்கா அவரிடம் வந்தது ஒரு சாயங்காலம். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை அவருக்கு. வெந்நீரிலும் நீராவியிலும் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். ஏழெட்டு மாதம் முன்புதான் அந்த அக்காவின் ஒரே மகள் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். பதினேழு வயது. அவளுடைய போனும் அவளோடு நொறுங்கிப்போனது. தெரு முழுக்க அறிந்த சாவு அது. போகாதண்ணனும் ஊர்வலத்தில் நடந்தவர்தான்.

"தம்பி, கால் வந்தா எடுக்கவே முடியல. இடமில்லைனு சொல்லுது" என்று அக்கா போனை நீட்டினார். பிறகு, "உள்ள என் பொண்ணு படம் இருக்கு. போயிடாதே?" என்றார்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடியில் வேறொருவருடைய போன் பிளந்து கிடந்தது. "ஒண்ணும் போகாதுக்கா."

பெரிய வீடியோ ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று கேலரியைத் திறந்தார். கட்டம் கட்டமாகச் சின்னப் படங்கள் கட்டைவிரலுக்குக் கீழே மேல்நோக்கி ஓடின. வீடியோ இல்லை. கேலரியின் கேச்தான் பெருத்துக் கிடந்தது. அதை அழித்தார், மற்ற ஆப்களுக்கும் அழித்தார். ஐந்து நிமிஷ வேலை. அக்கா கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அக்கா கடை முன்னால் நின்றார். மற்றவர்கள் வேலை முடிந்து போகும்வரை ஓரமாகவே நின்றிருந்தார்.

"தம்பி, நேத்து என் போன்ல என்ன பண்ணீங்க?"

"கேச் அழிச்சேங்க்கா. அதுல ஒண்ணும் போகாது."

"போயிடுச்சு" என்றார் அக்கா.

போனை வாங்கிப் பார்த்தார். கேலரி முழுக்கச் சாம்பல் கட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் கிழிந்த காகிதம் மாதிரி ஒரு சின்னக் குறி. அப்போதுதான் அக்கா சொன்னார். படங்களெல்லாம் மெமரி கார்டில் இருந்தவை. மகள் போன கொஞ்ச நாளிலேயே அந்தக் கார்டும் கெட்டுப்போனது. படத்தைத் தொட்டுப் பெரிதாக்கினால் சாம்பல்தான் வரும். ஆனால் தொடாமல் விட்டால் சின்னப் படம் அப்படியே தெரியும்.

"தொடாம பார்த்தா இருப்பா தம்பி. தொட்டா போயிடுவா. அதனால ஓரத்துல மட்டும் விரலை வெச்சுத் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். தெனம் பஸ்ல வரும்போது."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அசல் எப்போதோ போய்விட்டது. நகல் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மூட்டை காலியான கடையில் கடைசியாகக் கிடந்த பொட்டலங்களை, திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று தானே தெருவில் கொட்டிவிட்டார்.

அக்கா திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். "வீட்டுல ஸ்கூல் கார்டு போட்டோ ஒண்ணு இருக்கு தம்பி. அதுல யாரோ மாதிரி முறைச்சுக்கிட்டு நிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

கெட்டுப்போன அந்தக் கார்டைக் கேட்டு வாங்கி, பதினொரு நாள் அதனோடு மல்லுக்கட்டினார். தெரிந்த மென்பொருள் எல்லாம் போட்டுப் பார்த்தார். படங்களின் பெயர்கள் வந்தன, தேதிகள் வந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஐந்தே கால் மணிக்கு எடுத்த படம் என்று தெரிகிறது. அந்த ஐந்தே காலுக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

பிறகு தெருவில் இறங்கினார். மகளோடு படித்த பெண்கள், ஆசிரியை, மருந்துக்கடைக்காரர் என்று அவள் நம்பர் யார் யார் போனில் இருந்ததோ அங்கெல்லாம் போய்க் கேட்டார். ஒரு தோழியின் போனில் வகுப்பே சேர்ந்து நிற்கிற படம் ஒன்று இருந்தது. முன்னால் நின்றவளின் தோள் இவள் முகத்தை மறைத்திருந்தது. பழைய அரட்டைகளில் இருந்த அவள் புரொஃபைல் படமாவது கிடைக்குமா என்று பார்த்தால், எல்லார் போனிலும் வெறும் வட்டம், கேச்சோடு அதுவும் போயிருந்தது. கணக்கு மூடிப்போனதால் அது இனி புதிதாக வரவும் வராது. "நீங்க சொன்ன நாள்லேருந்து ஒரு வாரம் தவறினதில்லண்ணே. சுத்தமா வெச்சிருக்கேன், பாருங்க" என்று மருந்துக்கடைக்காரர் பெருமையாகக் காட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் வாய் கெடுத்தது அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை அல்லவா?

அதைவிட மோசமானது இன்னொன்று. அந்தப் படங்களைக் கடைசியாகப் பார்த்த கண்கள் அவருடையவை. விரலுக்குக் கீழே ஓடிய அத்தனை கட்டத்திலும் அவள் இருந்திருக்கிறாள். சிரித்திருப்பாள், சாப்பிட்டிருப்பாள், நாக்கைத் துருத்தியிருப்பாள். ஒரு முகம்கூட நினைவில் இல்லை. ஏதோ ஒரு மஞ்சள் மட்டும்தான் ஞாபகம் வந்தது. பார்த்தும் பார்க்காமல் விட்ட பாவி என்று தன்னையே நொந்துகொண்டார். சாலையில் மஞ்சள் குடை ஒன்று போனால்கூட எழுந்து எட்டிப் பார்த்தார். குளியலறைச் சுவரில் பதித்த சாம்பல் நிற ஓடுகளைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒவ்வொரு ஓட்டுக்குப் பின்னாலும் யாரோ நின்றுகொண்டு, தொட்டுவிடாதே என்று சொல்வதுபோல் இருந்தது. கடையில் யாருடைய போனிலாவது 'கிளியர்' என்ற எழுத்தைக் கண்டால் கட்டைவிரல் நின்றுவிடும். கண்ணாடியில் எழுதியிருந்ததை ஒருநாள் ஈரத்துணியால் துடைத்தார். முழுசாகப் போகவில்லை. வெயில் அடித்தால் எழுத்து நிழலாகச் சுவரில் விழுந்தது.

"என்னங்க, மஞ்சள் மஞ்சள்னு முனகுறீங்க?" என்று ஒரு மதியம் சோறு போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள். அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவள்.

அவர் சொன்னார். இத்தனை நாளும் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார்.

கரண்டி பாதியில் நின்றது. "சலவைக்கூடத்து அக்கா பொண்ணா? அந்த மஞ்சள் கவுன் நான் தைச்சதுங்க. கழுத்து டிசைனெல்லாம் போன்லதான் அனுப்பினா."

"எந்தப் போன்ல?"

"என் பழைய போன்லதான். இப்ப அதுல சிம் இல்ல, நெட்டும் இல்ல. டிசைன் பார்க்க மட்டும் வெச்சிருக்கேன்."

"எப்பவாவது கிளீன் பண்ணியா?"

"உங்க பேச்சை நான் என்னைக்குக் கேட்டேன்?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்காக அவர் சந்தோஷப்பட்டார். சாப்பிட்ட கையைக் கழுவக்கூட மறந்து எழுந்தார். நூல்கண்டுகளுக்கு நடுவே கிடந்த போனுக்கு சார்ஜ் ஏற்றினார். அந்தப் பெண்ணின் நம்பரை மனைவி 'மஞ்சள் கவுன்' என்றே பதிந்து வைத்திருந்தாள். அவளுடைய வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் பெயர். 'மஞ்சள் கவுன்' பக்கத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டப் படம் இருந்தது. கீழே கடைசிச் செய்தி: 'ஆன்ட்டி, சூப்பரா இருக்கு. எல்லாரும் எங்க தைச்சேன்னு கேக்குறாங்க.'

"நான் பதிலே போடல. தலைக்கு மேல வேலை, அப்புறம் போடலாம்னு விட்டுட்டேன்" என்று மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து அந்த வட்டத்தைப் பார்த்தார். மனசு அப்படியே இறங்கிப்போனது. படத்தில் இருந்தது மகள் இல்லை. கொடியில் துணி உலர்த்திக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற அம்மா. தொட்டால் பெரிதாகவில்லை, வெறும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மாசம் முன்பு என்றால் சட்டென்று வெளியே வந்திருப்பார். இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையை அப்படியே படமாக எடுத்து, வேறு போனுக்கு மாற்றி, ஸ்டுடியோவில் அச்சுப் போட்டார். மங்கலாகத்தான் வந்தது. கீழே கறைபோல ஒரு கருப்பு வேறு.

சலவைக்கூடத்துக்கு அவரே போனார். உள்ளே நீராவி, எங்கு பார்த்தாலும் வெள்ளை விரிப்புகள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா. பாப்பா முகம் கிடைக்கல. அவ புரொஃபைல்ல வெச்சிருந்த படம் மட்டும்தான் கிடைச்சுது. அதுல உங்களைத்தான் வெச்சிருந்தா."

அக்கா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். "நான் இப்படியா சிரிப்பேன்?" என்றார். பிறகு அவருடைய வெளுத்த விரல், படத்தைத் தொடாமல், அதன் மேலேயே நகர்ந்து அந்தக் கருப்புக்கு மேல் நின்றது.

"தம்பி, இங்க பாருங்க. இது அவதான்."

அவர் குனிந்து பார்த்தார். தரையில் விழுந்து அம்மாவின் முழங்கால்வரை ஏறியிருந்தது ஒரு நிழல். போனைத் தூக்கிப் பிடித்த இரண்டு முழங்கைகள். தோளுக்கு முன்னால் தொங்கிய ஒற்றைப் பின்னல். அவர் கறை என்று நினைத்தது அதைத்தான்.

"படம் எடுக்கும்போது நிமிர்ந்து நில்லுடின்னு கத்துவேன். பாருங்க, அப்பவும் ஒரு பக்கம் சாஞ்சுக்கிட்டுத்தான் நிக்கிறா" என்றார் அக்கா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உள்ளே யாரோ வேலைக்குக் கூப்பிட்டார்கள். படத்தைச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டு அக்கா நடந்தார். வாசலில் நின்று திரும்பினார்.

"தம்பி, இது போயிடாதே?"

அவருக்கு வாய் திறந்தது. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லித் தழும்பேறிய அந்த இரண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது, வெளியே வரவில்லை.

"நாலு இடத்துல போட்டு வெச்சிருக்கேன்க்கா" என்றார். "தெனம் காலையில கடை திறந்ததும் நாலையும் ஒரு தடவை திறந்து பார்த்துடுறேன்."