கேட்டவன் காதுக்கே குணுக்கு

தம்பானூர் கிளப் பலகையில் இதை ஒட்டுகிறேன். படித்துவிட்டு நியாயம் சொல்லுங்கள்.

இருபத்தெட்டு என்ற சீட்டாட்டத்தில், ஏலத்தில் கேட்ட பாயிண்டை எடுக்காத ஜோடி இருவருமே தண்டனையாகக் காதில் ஓலைக் குணுக்கு மாட்ட வேண்டும். கூட்டாளி என்ன பாவம் செய்தான், கேட்டவன் மட்டும் மாட்டட்டும் என்று போன வாரம் விதியை மாற்ற வைத்தவன் நான்.

இன்று இருபது கேட்டேன்.

கடைசிக்கு முந்தின பிடி. இன்னும் மூன்று பாயிண்ட் வேண்டும். எல்லோரும் என் ஜோடியான அத்திம்பேரின் கையையே பார்த்தோம். மூன்று பாயிண்ட் ஜாக்கியை இறக்கினால் பிழைத்தேன்.

நிதானமாக ஒரு எட்டைப் போட்டார். கடைசிப் பிடி எதிராளிகளுக்குப் போனது; தோற்றோம்.

"ஜாக்கி கையிலதானே இருந்தது, அத்திம்பேர்?"

"இருந்தது, கேட்டியா. உன்னைக் குணுக்கோட பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. புது விதிப்படி எனக்கென்ன போச்சு?"

குணுக்கோடுதான் எழுதுகிறேன். இதைவிட நியாயமான விதி தெரிந்தவர்கள் கீழே எழுதலாம், அத்திம்பேரைத் தவிர.