மாமாவின் கடல் பெட்டிக்கு பேட்டரி மாற்றியது

லெப்பைக்குடிக்காட்டுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பக்கத்தில் வெள்ளாறு ஓடுகிறது என்பார்கள். நான் பார்த்தவரை அதில் பெரும்பாலும் மணல்தான் ஓடியது. அப்படிப்பட்ட ஊருக்கு, நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், வளைகுடாவிலிருந்து லீவில் வந்த மாமா, இரண்டு லுங்கிகளுக்கு நடுவில் சுருட்டி ஒரு கடல் பெட்டியைக் கொண்டுவந்தார்.

மாமா, அம்மாவின் தம்பி. அங்கே ஒரு மீன்பிடி லாஞ்சில் வேலை. அந்தப் பெட்டி லாஞ்சின் ஜி.பி.எஸ். நடுக்கடலில் எங்கே நல்ல மீன் கிடைத்ததோ அங்கே ஒரு பட்டனை அமுக்கினால், பெட்டி அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த முறை வழி காட்டும். லாஞ்சை ஓட்டும் நகுதா வருஷக்கணக்கில் சேர்த்த மீன் இடங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அந்த ஞாபகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, உள்ளே ஈயம் வைத்து ஒட்டிய ஒரு சின்ன பேட்டரி. அது சாகப்போகிறது என்று பெட்டியே திரையில் எழுதிக் காட்டத் தொடங்கிவிட்டது.

“அங்கேயே கடையில குடுத்து மாத்தக்கூடாதா?” என்றார் அம்மா.

“கடைக்காரன் எடத்தையெல்லாம் காப்பி எடுத்து அடுத்த லாஞ்சுக்காரனுக்கு வித்துருவான்க்கா.”

“அப்ப ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்க வேண்டியதுதானே?”

“பேப்பருக்குக் கால் மொளைச்சிரும்னு நகுதா பயப்படுறாரு.”

ஆக, கடலின் ரகசியங்கள் தெரிந்தாலும் அவற்றை வைத்து ஒன்றும் செய்யத் தெரியாத ஜனங்கள் வாழும் ஊராகப் பார்த்து, மாமாவை நம்பி அனுப்பியிருந்தார் நகுதா. எங்கள் ஊரை ஒருவர் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தது எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை.

மாற்றும்போது பெட்டி மறந்துவிட்டால் மாமா அந்த லாஞ்சில் மறுபடி கால் வைக்க முடியாது. விசாவும் லாஞ்சு முதலாளியின் கையில். மாமாவுக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது.

ஈயம் வைக்கத் தெரிந்தவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். அத்தா, என் அப்பா. அவருக்கு ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஃபேக்டரியில் எலக்ட்ரிகல் வேலை. சிக்கல் ஒன்றுதான். அத்தாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. மாமாவின் நிக்காஹ் விருந்தில் அத்தாவை முதல் பந்தியில் உட்காரக் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள். இரண்டாம் பந்தியிலும் அதே பிரியாணிதான் என்பதை எடுத்துச் சொல்லும் தைரியம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

பேச்சு இல்லையே தவிர சலாம் உண்டு. ஒருவர் சலாம் சொன்னால் மற்றவர் பதில் சொல்லியே ஆகவேண்டும், அது மார்க்கக் கடமை. இருவரும் அந்தக் கடமையைக் கறாராக முடித்துவிட்டு, மிச்சப் பேச்சு முழுவதையும் என் வழியாக அனுப்பினார்கள். ஒரே அறையில், ஒரே பாயில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு! எனக்கு அந்த உத்தியோகம் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் அப்போது டெலிபோன் கிடையாது. நான் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் வேலை ஆரம்பமானது. மாமா புது பேட்டரியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கைக்கடிகார பேட்டரி மாதிரி வட்டமாக, ஆனால் இரண்டு கால்களோடு. அத்தா பெட்டியின் முதுகைத் திறந்து, வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்:

“பழசைக் கழட்டுற நேரம் பூரா இந்த ரெண்டு புள்ளிலயும் வெளியேர்ந்து கரண்ட் நிக்கணும். இங்க ஒயரை ஒட்ட எடம் பத்தாது, பக்கத்துல உள்ளதோட சேந்துக்கும். ஒன் மாமாவ ரெண்டு ஒயரையும் கையால அழுத்திப் பிடிக்கச் சொல்லு. கை அசைஞ்சா எல்லாம் போச்சு.”

“மாமா, கை அசைஞ்சா எல்லாம் போச்சாம்.”

“கேட்டுச்சு. எவ்ளோ நேரம்னு ஒங்கத்தாட்ட கேளு.”

“அத்தா, எவ்ளோ நேரம்னு...”

“அவரு கேள்வி கேக்காம இருந்தா சீக்கிரம் முடியும்னு சொல்லு.”

இதைக் கொஞ்சம் மரியாதையாக்கிச் சொன்னேன். இன்று ஆபீசில் இரண்டு மேலதிகாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மாதச் சம்பளத்துக்கு நான் செய்வதும் இதே வேலைதான். பயிற்சி அங்கே இலவசமாகக் கிடைத்தது.

இரண்டு டார்ச் லைட் செல்களை வரிசையாகச் சேர்த்து டேப் சுற்றி, அவற்றிலிருந்து வந்த ஒயர் முனைகளை மாமா இரண்டு கைகளாலும் புள்ளிகளின் மேல் அழுத்திப் பிடித்தார். அத்தா சால்டரிங் அயர்னைச் சூடாக்கினார். பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் அம்மா அயர்னின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், கரண்ட் கசிந்தால் பெட்டியின் மூளை வெந்துவிடும் என்பது உத்தரவு. அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடுப்படிக்கு ஓடினார். தம்பிக்குப் பிடிக்கும் என்று வரமிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்.

பழைய பேட்டரியின் ஒரு கால் விட்டது. இன்னொரு காலும் விட்டது. அத்தா அதைத் தூக்கித் தரையில் வைத்தார். அந்த நிமிஷம் நகுதாவின் மொத்தக் கடலும் மாமாவின் பத்து விரல்களில் நின்றது. அப்போதுதான் மிளகாய் நெடி அறைக்குள் வந்தது.

மாமாவின் மூக்கு விடைத்தது. கண் கலங்கியது.

“அத்தாட்ட சொல்லு... தும்மல்...”

நானும் கடமை தவறாமல் அத்தா பக்கம் திரும்பி, “அத்தா, மாமாவுக்கு வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“மச்சான்! தும்மல் வருது மச்சான்!”

அத்தா அயர்னைப் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் மாமாவின் கைகளை மேலிருந்து கவ்விப் பிடித்தார். “தும்முடா! நல்லா தும்மு! நான் பிடிச்சிருக்கேன்!”

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினார். ஒன்றல்ல, வரிசையாக. உடம்பு முழுக்கக் குலுங்கியது, கை மட்டும் அசையவில்லை. கடைசித் தும்மலுக்குப் பிறகும் அத்தா கையை எடுக்கவில்லை.

“அடங்கிருச்சா?”

“அல்ஹம்துலில்லாஹ்... இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கங்க மச்சான். வரும்போலயே இருக்கு.”

“ஒங்கக்கா நம்மளக் கொல்லாம விட மாட்டா போலருக்கு,” என்றார் அத்தா. இரண்டு பேரும் பெட்டி ஆடிவிடக் கூடாதே என்று சத்தம் வராமல் சிரித்தார்கள். அம்மா வாசற்படியில் கரண்டியோடு நின்று பார்த்துவிட்டு, அயர்னை எடுத்து மறுபடி சூட்டுக்குப் போட்டார்.

புது பேட்டரி உட்கார்ந்தது. முதுகை மூடி, பெட்டியை அத்தாவின் ஸ்கூட்டர் பேட்டரியில் மாட்டி, பட்டனை அமுக்கினார் மாமா. இடங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. மாமா பெட்டியை விட்டுவிட்டு அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தா அதற்கு, “சோறு ஆறிடும், எந்திரி” என்றார்.

சாப்பாட்டில் இருவரும் வாய் ஓயாமல் பேசினார்கள். என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. வேலை போன துக்கத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மிளகாய்க்கும், அந்தத் தும்மலுக்கும், சமயம் பார்த்துச் சாகத் துணிந்த அந்த பேட்டரிக்கும் என் குடும்பம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று பிற்காலத்தில் பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அதெல்லாம் என் புத்திக்கு எட்டவில்லை.

மாமா வளைகுடாவுக்குத் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, பெட்டியோடு வந்திருந்த ஆன்டெனாவைக் கைப்பிடிச் சுவரில் வைத்து, ஏதோ அமுக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மீன் இடங்களின் வரிசையில் கடைசியாக ஒரு புது இடம் சேர்ந்திருந்தது. மற்ற இடங்களைப் போலவே அதன் பக்கத்திலும் குட்டியாக ஒரு மீன் படம். பெயர் இருக்கும் இடத்தில் ஆங்கில எழுத்துகளில் ‘மச்சான்’ என்று இருந்தது.

“என்ன மாமா இது?”

“நம்ம வூடு. நடுக்கடல்ல நின்னு இதை அமுக்குனா, வூடு எந்தப் பக்கம், எம்புட்டுத் தூரம்னு காட்டும்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லாஞ்சு வர வழியில்லாத, மழைக்காலத்தில் ஒரு கெண்டைகூட ஒழுங்காகக் கிடைக்காத ஊரை, மீன் பிடிக்கிற பெட்டியில் எதற்காகப் போட்டு வைக்க வேண்டும்? கீழே ஓடிப்போய் அத்தாவிடம் சொன்னேன், மாமா தப்பான பட்டனை அமுக்கிவிட்டார் என்று. அத்தாவும் என்னோடு சேர்ந்து சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.