வளைவில் இறங்கித் தள்ளவும்

1. ஜேசிபி வந்த காலை

வாய்க்கால் கரையில் சைக்கிள் பாதை போடும் வேலைக்கு நான்தான் ஜூனியர் என்ஜினியர். முதல் நாளே தகராறு. உழவர்கரைப் பக்கம் கரை வளைகிற இடத்தில் சம்புப் புதர் அடர்ந்திருக்கும். ஜேசிபி கை நீட்டியதும் உள்ளேயிருந்து கானாங்கோழி ஒன்று கத்திக்கொண்டு ஓடியது. எட்டிப் பார்த்தால் கூட்டில் முட்டைகள்.

"வண்டிய நிறுத்துங்க" என்றேன்.

"சார், எஸ்டிமேட்ல முழுக்க மூணு மீட்டர்னுதானே இருக்கு? இந்தக் குப்பைய வழிச்சாத்தான் அகலம் கெடைக்கும்" என்றார் கான்ட்ராக்டர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நம் ஊரில் தண்ணீர் ஓரம் பச்சையாக எது நின்றாலும் குப்பைதான். அந்த வளைவில் மட்டும் பாதையைக் குறுக்கி, பேவர் பிளாக் போடாமல் மண்ணாகவே விட்டு, 'இறங்கித் தள்ளவும்' என்று போர்டு வைத்தோம். மேலதிகாரி முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

2. காதர் பாய்

இந்தப் பாதை கேட்டு அலைந்தவரே காதர் பாய்தான். ரெட்டியார்பாளையத்தில் ஹார்டுவேர் கடை. பல வருடமாக நாங்கள் காலையில் சேர்ந்து சைக்கிள் மிதித்தவர்கள். என் வாசலில் அவர் பெல் அடித்தால்தான் எனக்குப் பொழுது விடியும். விழுப்புரம் ரோட்டில் லாரி இடித்து அவர் கால் உடைந்தது. அதன்பின்னும் சைக்கிள் ஓட்டுவார். இறங்கி நடந்தால்தான் வலி.

போர்டைப் பார்த்துவிட்டு நேரே ஆபீசுக்கு வந்தார்.

"எங் காலு ஒடஞ்சப்ப ஆஸ்பத்திரில கூடவே கெடந்தவன்தானப்பா நீ? இப்ப கோழிக்கு எடம் விட்டுட்டு என்னைய எறங்கி நடன்றியே!"

"கொஞ்ச தூரந்தான் பாய்..."

"ஒனக்குக் கொஞ்ச தூரம்."

மறுநாள் பெல் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

3. இப்போது

ஓய்வு பெற்றுவிட்டேன். தனியாகத்தான் மிதிக்கிறேன். வீட்டிலும் பேச ஆளில்லை. போர்டை யாரும் மதிப்பதில்லை, சர்ரென்று ஓட்டிக்கொண்டே போகிறார்கள்.

இளைய என்ஜினியர்களுக்கு ஒன்று சொல்வேன். பாதையைக் குறுக்க வேண்டிய இடத்தில் குறுக்குங்கள், பயப்படாதீர்கள். ஆனால் அங்கே இறங்கப் போகிறவரிடம் போர்டு சொல்வதற்கு முன்னால் நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

போன வாரம் அந்த வளைவில் காதர் பாய் எதிரே வந்தார். போர்டுக்கு முன்னால் இறங்கினார். காலை இழுத்து இழுத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மேடு பள்ளத்தில் சத்தம் வராதபடி பெல்லை உள்ளங்கையால் பொத்தியிருந்தார். புதரோரம் கானாங்கோழி குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது.

"பாய்" என்றேன்.

பார்த்தார். தள்ளிக்கொண்டே கடந்துபோனார். வளைவு தாண்டி ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு தடவை பெல் அடித்தார். அவருக்கு எதிரே யாரும் இல்லை.

அன்றிலிருந்து விடிவதற்கு முன்பே எழுந்து வாசல் கேட்டைத் திறந்து வைக்கிறேன். பாய் இன்னும் வரவில்லை.