ஓலை மறைப்புக்கு அந்தப் பக்கம்

தமிழ் பேசும் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைப் போராட்ட நாட்களில், பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் என் தமிழ் வகுப்புக்கும் மலையாள வாத்தியாரின் வகுப்புக்கும் நடுவே ஓர் ஓலை மறைப்புதான். ஒல்லியான மனிதர், காதில் எப்போதும் பென்சில். வெள்ளிக்கிழமைதோறும் தனக்குப் பிடித்த வயலின் இசைத்தட்டைக் கிராமபோனில் வைத்து, மனதில் தோன்றுவதை எழுதச் சொல்வார். என் பிள்ளைகளும் எழுதட்டும் என்று கிராமபோனின் ஒலிக்குழாயை எங்கள் பக்கம் திருப்பியிருப்பார்.

"வாய்ப்பாட்டு ஒண்ணும் இல்லியா சாரே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாட்டுன்னா அதுல பாஷை உண்டு. இதுல இல்ல. அதாக்கும் இத வைக்கேன்."

போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் என் மாணவி ஒருத்தியின் அப்பா இறந்தார். அந்த வார வெள்ளிக்கிழமையும் மலையாள வாத்தியார் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். இசைத்தட்டு சுற்றியது, ஊசியை அவர் வைக்கவேயில்லை. இரண்டு பக்கமும் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மறந்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. தாள்களை வாங்கி வைத்தேன். இன்னும் படிக்கவில்லை.